ஸ்லைடின் இருட்டில் தெரியும் வண்ணப் புள்ளிகள்: எக்ஸ்போஷரை எங்கே, எவ்வளவு ஏற்றுவது?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நண்பர் ஒருவர், தன் அப்பா 1984-ல் கொடாக்குரோம் என்ற கொடாக் ஃபிலிமில் எடுத்த ஸ்லைடுகளை நிக்கான் கூல்ஸ்கேன் 5000 என்ற ஃபிலிம் ஸ்கேனரில் ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறார். அதில் ஒன்று மதுரை திருமலை நாயக்கர் மகாலில் எடுத்தது. முற்றத்தில் கொளுத்தும் வெயில். தூண் நிழலில் அரக்குப் பட்டுப்புடவையில் அம்மா நிற்கிறார். ஸ்கேனில் வெயில் பகுதி அருமையாக வருகிறது. புடவையிலும் கூந்தலிலும் மட்டும் சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் புள்ளிகள் மொய்க்கின்றன. எடிட்டரில் பிரைட்னஸ் கூட்டினால் புள்ளிகளும் சேர்ந்து பெரிதாகின்றன. 16 முறை மல்டி சாம்பிளிங் (ஒரே இடத்தைப் பலமுறை படித்துச் சராசரி எடுப்பது) வைத்தால் கொஞ்சம் குறைகிறது, நேரம் மட்டும் ஏகமாக ஓடுகிறது. அனலாக் கெய்னை, அதாவது ஸ்கேனரின் எக்ஸ்போஷரை (சேரும் ஒளியின் அளவை) ஏற்றினால் முற்றம் வெளுத்துப் போகிறது. எந்த செட்டிங் சரி என்று கேட்கிறார்.

நேரடியான பதில்: ஸ்லைடின் மிக வெளிச்சமான பகுதி வெளுப்பதற்குச் சற்று முன்பு வரை அனலாக் கெய்னை ஏற்றுங்கள். அந்த இடத்தில் நிறுத்தியும் நிழலில் புள்ளி போகவில்லை என்றால், அதே ஸ்லைடை அசைக்காமல் இன்னும் 2 அல்லது 3 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு) கூட்டி இரண்டாவது ஸ்கேன் எடுங்கள். வெயிலுக்கு முதல் ஸ்கேன், நிழலுக்கு இரண்டாவது ஸ்கேன். இப்படி ஏன் செய்ய வேண்டும் என்பது புரிந்துவிட்டால் மற்ற ஸ்லைடுகளுக்கு நீங்களே முடிவெடுத்துக்கொள்ளலாம். அதனால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்லைடு ஃபிலிமின் இருட்டு சாதாரண இருட்டு இல்லை. ஃபிலிம் எவ்வளவு ஒளியைத் தடுக்கிறது என்பதை டென்சிட்டி என்ற எண்ணால் சொல்வார்கள். அது 0.3 கூடினால் ஒளி பாதியாகும், அதாவது ஒரு ஸ்டாப். டென்சிட்டி 3.0 என்றால் விளக்கின் ஒளியில் 1000-ல் ஒரு பங்குதான் மறுபக்கம் வரும். 3.6 என்றால் ஏறக்குறைய 4000-ல் ஒரு பங்கு. கொடாக்குரோமின் ஆழமான கறுப்பு 3.5-ஐத் தாண்டும். ப்ரொஜெக்டரில் போட்டுத் திரையில் பார்ப்பதற்காக உருவாக்கிய ஃபிலிம் அது. இருட்டறையில், பலமான விளக்கின் முன் அந்தக் கறுப்பு கம்பீரமாக இருக்கும். ஒளியை மின்சாரமாக மாற்றும் ஸ்கேனரின் சிசிடி சென்சாருக்கு அதே கறுப்பு பெரிய சோதனை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிசிடி-யின் ஒரு கண் 40,000 எலக்ட்ரான் வரை பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஸ்லைடு இல்லாமல் வெறும் விளக்கைப் பார்த்தால் அது நிரம்பிவிடும். டென்சிட்டி 3.0 உள்ள புடவை மடிப்பைப் பார்க்கும்போது 40 எலக்ட்ரான்தான் சேரும். ஒளி துகள் துகளாக வந்து விழுவதால் அந்த 40 என்பது ஒவ்வொரு முறையும் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் எண்ணிக்கையின் வர்க்கமூலம், சுமார் 6. இதோடு மின்சுற்று தன் பங்குக்கு ஒரு 10 எலக்ட்ரான் அளவு இரைச்சலை, அதாவது நாய்ஸைச் சேர்க்கிறது என்று கொண்டால், இரண்டும் சேர்ந்து சுமார் 12 வரும். 40-க்கு 12. படத்தின் தகவல் இரைச்சலைவிட மூன்று மடங்கு சொச்சம்தான் பெரியது. புடவையில் நீங்கள் பார்க்கும் புள்ளிகள் இவைதான். சிவப்பு, பச்சை, நீலம் மூன்று சானலும் தனித்தனியாக ஆடுவதால் அவை வண்ணப் புள்ளிகளாகத் தெரிகின்றன.

இப்போது எடிட்டரில் பிரைட்னஸை நான்கு மடங்கு கூட்டினால் 40 என்பது 160 ஆகும், 12 என்பது 48 ஆகும். விகிதம் அப்படியே இருக்கிறது, கண்ணுக்கு மட்டும் பெரிதாகத் தெரிகிறது. ஸ்கேன் நேரத்திலேயே எக்ஸ்போஷரை நான்கு மடங்கு, அதாவது 2 ஸ்டாப் ஏற்றினால் கதையே வேறு. சேரும் எலக்ட்ரான் 160, இரைச்சல் சுமார் 16 மட்டுமே. விகிதம் மூன்று சொச்சத்திலிருந்து பத்துக்குப் போய்விடுகிறது. மின்சுற்றின் இரைச்சல் ஒளி கூடினாலும் கூடாமல் அதே 10-ல் நிற்பதுதான் இதற்குக் காரணம்.

மல்டி சாம்பிளிங் ஏன் ஏமாற்றியது என்பதும் இதிலேயே தெரியும். N முறை படித்துச் சராசரி எடுத்தால் இரைச்சல் N-இன் வர்க்கமூலத்தால் குறையும். 4 முறை படித்தால் பாதி, 16 முறை படித்தால் கால் பங்கு. மேலே சொன்ன கணக்கில் 4 முறை படித்தால் விகிதம் 7-ஐ எட்டாது. எக்ஸ்போஷரை நான்கு மடங்காக்கினால் பத்து. இரண்டிலும் ஸ்கேனர் பார்க்கும் மொத்த ஒளி ஒன்றுதான். ஆனால் ஒரே தடவையில் நிறையச் சேர்ப்பது, கொஞ்சம் கொஞ்சமாக நான்கு தடவை சேர்ப்பதைவிட மேல். ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் மின்சுற்று தன் வரியை வசூலித்துவிடுகிறது. மல்டி சாம்பிளிங்கைக் குறை சொல்லவில்லை. எக்ஸ்போஷரை ஏற்ற இடமே இல்லாத ஸ்லைடுகளுக்கு அதுதான் துணை. கூல்ஸ்கேன் 5000 ஒரே வரியில் நின்று பலமுறை படித்துவிட்டுத்தான் அடுத்த வரிக்கு நகர்கிறது, அதனால் படம் கலங்குவதில்லை. 4 முறை வைத்தால் நல்ல பலன். அதற்கு மேல் போகும்போது நேரம்தான் அதிகம் கூடும், புள்ளி அவ்வளவாகக் குறையாது.

அனலாக் கெய்ன் என்ற பெயரைப் பார்த்து, மின்னணு முறையில் ஒலியைக் கூட்டுவதுபோல எதையோ செய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். கூல்ஸ்கேனில் அப்படி இல்லை. அதில் சிவப்பு, பச்சை, நீல எல்இடி-கள் மாறி மாறி எரிகின்றன. கெய்னை ஏற்றினால் அவற்றின் ஒளி சிசிடி-யில் சேரும் நேரம் நீள்கிறது. அதாவது உண்மையான எக்ஸ்போஷர். +1 என்றால் இரு மடங்கு ஒளி, +2 என்றால் நான்கு மடங்கு. வியூஸ்கேன் என்ற ஸ்கேன் மென்பொருளைப் பயன்படுத்துவோர் இன்புட் பகுதியில் ஆர்ஜிபி எக்ஸ்போஷர் என்று இருப்பதைத் தேடுங்கள். அங்கே எண் 2 என்றால் இரு மடங்கு, 4 என்றால் நான்கு மடங்கு.

எல்லா ஸ்கேனரிலும் எக்ஸ்போஷர் என்று எழுதியிருக்கும் ஸ்லைடர் உண்மையான எக்ஸ்போஷர் என்று நம்பிவிடாதீர்கள். பல ஃப்ளாட்பெட் ஸ்கேனர்களின் மென்பொருளில் அது ஸ்கேன் முடிந்த பிறகு போடும் ஒரு கர்வ், அதாவது வெளிச்சத் திருத்தம் மட்டுமே. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. இருட்டான ஒரு ஸ்லைடை 0-இல் ஒன்று, +2-இல் ஒன்று என்று 16 பிட்டில் ஸ்கேன் செய்யுங்கள். எடிட்டரில் இரண்டையும் ஒரே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து நிழல் பகுதியை 200 சதவீதத்தில் அருகருகே வைத்துப் பாருங்கள். +2 ஸ்கேன் தெளிவாகச் சுத்தமாக இருந்தால் ஸ்லைடர் உண்மையானது. இரண்டும் ஒன்றுபோல இருந்தால் அந்த ஸ்லைடரை மறந்துவிட்டு மல்டி சாம்பிளிங்கையோ, மென்பொருளில் மல்டி எக்ஸ்போஷர் (வெவ்வேறு எக்ஸ்போஷரில் எடுத்த ஸ்கேன்களைச் சேர்ப்பது) இருந்தால் அதையோ பிடித்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேனர் பெட்டியில் போடும் டி-மேக்ஸ் (படிக்கக்கூடிய அதிகபட்ச டென்சிட்டி) எண்ணையும் பார்த்து மயங்க வேண்டாம். கூல்ஸ்கேன் 5-க்கு 4.2 என்றும் கூல்ஸ்கேன் 5000-க்கு 4.8 என்றும் போட்டிருந்தார்கள். முதலாவது 14 பிட், இரண்டாவது 16 பிட். 14 பிட்டில் அடங்கும் படிகளின் எண்ணிக்கையை 10-அடிமான மடக்கையில் எழுதினால் 4.2 வரும். 16 பிட்டுக்கு 4.8. பிட் எண்ணிக்கை தருகிற உச்ச வரம்பு அது. அத்தனை ஆழத்திலும் படம் புள்ளியில்லாமல் வரும் என்று அதற்குப் பொருள் கிடையாது.

சரி, எவ்வளவு ஏற்றுவது? இதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள்.

ப்ரிவ்யூ எடுத்தவுடன் படத்தின் உள்ளே மட்டும் கிராப் செய்யுங்கள். மவுண்டின், அதாவது ஸ்லைடுச் சட்டத்தின் கறுப்பு விளிம்போ, ஓரத்தில் கசியும் விளக்கொளியோ கணக்கில் வந்தால் ஹிஸ்டோகிராம் (இடது ஓரம் கறுப்பு, வலது ஓரம் வெள்ளை என வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடம்) பொய் சொல்லும். தானியங்கி எக்ஸ்போஷர், தானியங்கி கான்ட்ராஸ்ட், தானியங்கி கலர் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பிறகு சிவப்பு, பச்சை, நீல ஹிஸ்டோகிராம்களைத் தனித்தனியாகத் திறந்து, எது வலது ஓரத்துக்கு மிக அருகில் இருக்கிறது என்று பாருங்கள். காமா 2.2 (திரைக்கேற்ற வழக்கமான வெளிச்ச அளவீடு) வைத்து ஓடும் ஸ்கேனில், 0 முதல் 255 வரையான அளவில் அந்தச் சானலின் உச்சம் 186-இல் நின்றால் 255 என்ற எல்லைக்கு இன்னும் ஒரு ஸ்டாப் இடம் இருக்கிறது. 218-இல் நின்றால் அரை ஸ்டாப். 136-இல் நின்றால் முழுசாக 2 ஸ்டாப். அந்த இடம் முழுவதையும் பயன்படுத்தாமல், ஏற்றிய பிறகு உச்சம் 240-க்கும் 245-க்கும் நடுவில் வந்து நிற்கட்டும். அதற்கு மேல் இழுக்க வேண்டாம்.

உச்சம் என்று நான் சொல்வது, உங்களுக்கு விவரம் வேண்டிய உச்சத்தை. பித்தளைக் குடத்தில் பளீரிடும் சூரியனோ, எரியும் டியூப் லைட்டோ வெளுத்தால் ஒன்றும் குடிமுழுகாது. எங்கள் வீட்டுக் கல்யாண ஸ்லைடு ஒன்றை வைத்துத்தான் இதை நான் கற்றுக்கொண்டேன். மணப்பெண்ணைப் பின்னாலிருந்து எடுத்த படம். கறுகறுவென்ற பின்னலும் அதன் மேல் சுற்றிய மல்லிகைச் சரமும் ஒரே சட்டத்தில். பின்னலுக்காக +1.5 ஏற்றினேன். பின்னலின் ஒவ்வொரு புரியும் தனித்துத் தெரிந்தது. மல்லிகையைப் பார்த்தால் மொட்டுக்கும் மலர்ந்த பூவுக்கும் வித்தியாசமே இல்லாமல் ஒரு வெள்ளைப் பட்டை. அந்த ஸ்லைடுக்கு எல்லை வகுப்பது மல்லிகைதான், +0.4-இல் நிறுத்த வேண்டியதாயிற்று. ஒவ்வொரு ஸ்லைடிலும் இப்படி ஒரு மல்லிகை இருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடித்த பிறகு ஸ்லைடரைத் தொடுங்கள்.

சரியான எக்ஸ்போஷரில் எடுத்த ஸ்லைடு என்றால் பெரும்பாலும் அரை ஸ்டாப் அளவுதான் இடம் கிடைக்கும். வெற்று விளக்கே வெளுக்காதபடிதான் ஸ்கேனர் தன்னைச் சீரமைத்துக்கொள்கிறது. ஸ்லைடின் வெள்ளைகூடக் கொஞ்சம் ஒளியைத் தடுக்கும், அந்த மிச்சம்தான் உங்களுக்குக் கிடைப்பது. எடுக்கும்போதே அண்டர் எக்ஸ்போஸ் ஆன ஸ்லைடுகளில்தான் அனலாக் கெய்ன் முழுதாகக் கை கொடுக்கும். மாலை மயங்கிய பிறகு எடுத்தது, வீட்டுக்குள் ஃப்ளாஷ் எட்டாமல் போனது போன்றவற்றில் வெள்ளையே இல்லாததால் தயங்காமல் +1.5, +2 என்று போகலாம்.

சிவந்துபோன பழைய ஸ்லைடுகள் வைத்திருப்போருக்கு ஒரு சொல். கொடாக்கின் இன்னொரு ஸ்லைடு ஃபிலிமான எக்டாக்குரோமில், பழையவை சிலவற்றில் சயான் (பச்சை கலந்த நீல) சாயம் மங்கிவிடும். சிவப்பு ஒளியைத் தடுப்பது சயான்தான், அது போய்விட்டதால் படம் முழுக்கச் செவ்வொளி ஏறுகிறது. சிவப்புச் சானல் முதலில் வலது ஓரத்தை முட்டும், பச்சையும் நீலமும் இடப்பக்கமே தங்கியிருக்கும். இங்கே மூன்று சானலையும் சேர்த்து ஏற்றும் மாஸ்டர் கெய்னை விட்டுவிட்டு, பச்சையையும் நீலத்தையும் மட்டும் தனியாக ஏற்றுங்கள். நிறத்தை ஸ்கேன் நேரத்திலேயே பாதி சரிசெய்ததாகவும் ஆயிற்று, பின்னால் எடிட்டரில் அந்த இரண்டு சானலையும் இழுத்துப் புள்ளியை வரவழைக்காததாகவும் ஆயிற்று. கொடாக்குரோம் இருட்டில் பத்திரமாக வைத்திருந்தால் இப்படி மங்காது, அதனால் உங்கள் ஸ்லைடுக்கு மாஸ்டர் கெய்ன் போதும். கொடாக்குரோம் நிழலில் நீலம் தட்டுவது வேறு விஷயம். ஸ்கேனர் மென்பொருளில் கொடாக்குரோம் என்று தனியாக இருக்கும் தேர்வை வைத்தால் அது பெரும்பாலும் சரியாகும். அதை எக்ஸ்போஷரால் துரத்தாதீர்கள்.

இனி நாயக்கர் மகால் ஸ்லைடுக்கு வருவோம். வெயிலும் நிழலும் இவ்வளவு முரணாக இருக்கும்போது ஒரே ஸ்கேனில் இரண்டையும் காப்பாற்ற முடியாது. முதல் ஸ்கேன், முற்றம் வெளுக்காத அளவில். இரண்டாவது, அதிலிருந்து +2. முதல் ஸ்கேனில் ஏற்கெனவே மிச்சம் இருந்ததைப் பயன்படுத்தியிருந்தால் நிழலுக்கு மொத்தத்தில் இரண்டரை ஸ்டாப் கூடுதல் ஒளி கிடைத்துவிடும். ஸ்லைடை வெளியே எடுக்கவே கூடாது. ஃபோகஸையும் பூட்டிவிடுங்கள். அட்டை மவுண்டில் இருக்கும் ஃபிலிம் சூடேறும்போது நடுவில் லேசாகப் புடைக்கும். முதல் ஸ்கேனுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே அது புடைத்தால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று உட்காராது, ஓரங்கள் இரட்டையாகத் தெரியும். ஸ்லைடை உள்ளே விட்டு ஐந்து நிமிடம் சும்மா இருக்கவிட்டு, பிறகு இரண்டு ஸ்கேனையும் அடுத்தடுத்து எடுத்தால் இந்தத் தொல்லை குறைகிறது.

வியூஸ்கேனிலும் சில்வர்ஃபாஸ்ட் என்ற மென்பொருளிலும் இந்த இரண்டு ஸ்கேன்களையும் தானே சேர்த்துத் தரும் மல்டி எக்ஸ்போஷர் வசதி இருக்கிறது. முதலில் அதை முயலுங்கள். ஓரங்களில் இரட்டைக்கோடு வந்தால் நீங்களே சேர்ப்பது நல்லது. இரண்டையும் 16 பிட் டிஃப் (TIFF) கோப்பாகச் சேமித்து, ஜிம்ப்பிலோ ஃபோட்டோஷாப்பிலோ இரண்டு லேயராக வையுங்கள். +2 ஸ்கேனின் வெளிச்சத்தைக் கர்வ் போட்டு இறக்கி முதலாவதோடு பொருத்துங்கள். பெருக்கினால்தான் புள்ளி வளரும், இறக்கினால் புள்ளியும் சேர்ந்து அடங்கும். பிறகு முதல் ஸ்கேனையே மாஸ்க்காக்கி, அதன் நிழல் பகுதியில் மட்டும் இரண்டாவது லேயர் தெரியும்படி செய்யுங்கள். மாஸ்க்கின் எல்லையை நன்றாக மழுப்பிவிட வேண்டும், இல்லையென்றால் தூணின் விளிம்பில் தையல் தெரியும்.

+3-க்கு மேல் போவதை நான் தவிர்க்கிறேன். அதற்கும் ஒரு காரணம் உண்டு. அவ்வளவு ஏற்றிய ஸ்கேனில், வெயிலை ஒட்டியிருக்கும் தூணின் ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இருட்டுக்குள் பால் சிந்தியதுபோல ஒரு மெல்லிய வெண்புகை பரவியிருக்கும். ஸ்கேனரின் லென்ஸிலும் கண்ணாடியிலும் வெளிச்சம் சிதறுவதால் வருவது அது. எக்ஸ்போஷரால் நாய்ஸைக் குறைக்கலாம், இந்தப் புகையைக் குறைக்க முடியாது. ஒளி எத்தனை மடங்கோ, புகையும் அத்தனை மடங்கு. பல வருடம் திறக்காத ஸ்கேனர் என்றால் உள்ளே இருக்கும் கண்ணாடியில் தூசி படிந்திருக்கும். அனுபவமுள்ளவரிடம் கொடுத்துத் துடைக்கச் செய்தால் வெண்புகை வெகுவாகக் குறையும். நம் ஊர் ஈரக்காற்றில் ஸ்லைடிலேயே பூஞ்சை படர்ந்திருந்தாலும் இதே புகை வரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பாடுபடுவதற்கு முன், நீங்கள் பார்ப்பது நாய்ஸ்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஃபிலிம் கிரெய்னை நாய்ஸ் என்று நினைத்து மணிக்கணக்கில் போராடியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரே ஸ்லைடை ஒரே செட்டிங்கில் இரண்டு முறை ஸ்கேன் செய்து, இரண்டையும் லேயராக வைத்து, மேலே உள்ளதை மாற்றி மாற்றி மறைத்துக் காட்டுங்கள். அசையாமல் அதே இடத்தில் இருக்கும் புள்ளி கிரெய்ன். அது ஃபிலிமில் இருக்கிறது, எந்த எக்ஸ்போஷரும் அதை அழிக்காது, அழிக்கவும் வேண்டாம். ஈசல் பறப்பதுபோல இடம் மாறி மினுக்கும் புள்ளிதான் நாய்ஸ். மூன்றாவதாக, ஸ்கேன் ஓடும் திசையில் நீளமாக ஒரே கோடு இரண்டிலும் தெரிந்தால், அது சிசிடி-யின் ஏதோ ஒரு கண் சரியாகச் சீரமைக்கப்படாததன் விளைவு. சராசரி எடுத்தாலும் போகாது. ஸ்லைடை வெளியே எடுத்துவிட்டு ஸ்கேனரை மறுபடி கேலிப்ரேட் செய்ய வேண்டும். இந்தச் சோதனைகளின்போது அகச்சிவப்புத் தூசி நீக்கியை அணைத்துவிடுங்கள். கொடாக்குரோமில் அது சாயத்தையே தூசி என்று எண்ணி விவரங்களைத் தின்றுவிடுவதுண்டு.

ஸ்கேனர் இல்லாமல் மேக்ரோ லென்ஸும் கேமராவுமாக ஸ்லைடைப் படமெடுப்பவர்களுக்கும் கணக்கு இதேதான். ஐஎஸ்ஓ-வைக் கேமராவின் அடிப்படை அளவில் வைத்து, எஃப் 8 போல ஒரு அபெர்ச்சரில், ரா ஃபைலாக எடுங்கள். ஸ்லைடு ஓடிவிடப் போவதில்லை, ஷட்டர் கால் வினாடி ஆனாலும் பரவாயில்லை, ஸ்டாண்டு ஆடாமல் இருந்தால் போதும். கேமரா திரையில் தெரியும் ஹிஸ்டோகிராம் ஜேபெக்கை வைத்துப் போட்டது, ரா ஃபைலில் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கும். முரண் அதிகமான ஸ்லைடுக்கு 0, +2 என இரண்டு படம் எடுத்துச் சேர்த்தால் வேலை முடிந்தது. லைட் பேடில் ஸ்லைடைச் சுற்றிக் கறுப்பு அட்டை வைத்து மறைக்க மறக்காதீர்கள். சுற்றிலும் இருந்து லென்ஸுக்குள் வரும் வெளிச்சம் மேலே சொன்ன அதே வெண்புகையைக் கொண்டுவரும்.

சேமிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 16 பிட் டிஃப், ஷார்ப்பனிங் இல்லாமல். 8 பிட்டில் சேமித்துவிட்டு நிழலைத் தூக்கினால் புள்ளி போய்ப் பட்டை பட்டையாகப் படி விழும். 4000 டிபிஐ-யில் ஒரு ஸ்லைடு ஏறக்குறைய 5670-க்கு 3780 பிக்ஸல் வரும். அச்சுக்கோ திரைக்கோ 2000 டிபிஐ அளவு போதும் என்றால், ஸ்கேனை 4000-இலேயே எடுத்துப் பிறகு சுருக்குங்கள். நான்கு பிக்ஸல் ஒன்றாகச் சராசரியாவதால் நாய்ஸ் பாதியாகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிழல் முழுவதையும் தூக்கியே ஆக வேண்டும் என்று இல்லை. உங்கள் அப்பா 1984-ல் சுவரில் வெள்ளை வேட்டி கட்டி ப்ரொஜெக்டரில் இதைப் போட்டுப் பார்த்திருந்தால், தூணுக்குப் பின்னால் இருந்த இருட்டு அவருக்கு இருட்டாகவே தெரிந்திருக்கும். அம்மாவின் முகம், கூந்தல், புடவை வரைக்கும் இரண்டாவது ஸ்கேனைக் கொண்டுவாருங்கள். அதற்குப் பின்னால் வளைவுகளுக்குள் ஓடும் கறுப்பை பிளாக் பாயின்ட் (எந்த அளவுக்குக் கீழே முழுக் கறுப்பு என்ற குறி) வைத்துக் கறுப்பாகவே விட்டுவிடுங்கள். இந்த ஸ்லைடுக்கு நான் முதலில் முயல்வது இதுதான்: மாஸ்டர் +0.5-இல் ஒன்று, +2.5 தேவைப்படுவதால் மாஸ்டரை அதன் உச்சமான +2-இல் வைத்து, போதாத அரையை மூன்று சானலிலும் சமமாக ஏற்றி இன்னொன்று, இரண்டுக்கும் 4 முறை சாம்பிளிங். முற்றத்துச் சுண்ணாம்புச் சுவரில் 245-ஐத் தாண்டுகிறதா என்று மட்டும் முதல் ஸ்கேனில் பார்த்துக்கொண்டு, தாண்டினால் +0.3-க்கு இறக்குங்கள்.